டி டிரைவில் இருந்த குரல்: ஒரு ஹார்ட் டிஸ்க் பழுது, தொடக்கம் முதல் முடிவு வரை

பின்னணி

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், இருவருக்கும் பொதுவாக ஒரு மேசைக் கணினி. வாங்கி 9 ஆண்டு ஆகியிருந்தது. 3 ஆண்டுக்கு முன் வேகம் போதவில்லை என்று, சுழலும் தட்டு இல்லாத வேகமான 250 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் பொருத்தி விண்டோஸை அதற்கு மாற்றினார்கள். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றவில்லை. அது டி டிரைவ் ஆயிற்று. இடத்தை அடைக்கும் எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்தன: 11 ஆண்டுப் புகைப்படங்கள், முடித்ததும் முடிக்காததுமாக மொழிபெயர்ப்புகள், மொழிபெயர்ப்பாளர் தன் அப்பாவின் கடைசிக் காலத்தில் எதிரில் உட்கார்ந்து அவரைப் பேச வைத்துப் பதிவு செய்த 63 ஒலிப்பதிவுகள்.

அந்த 63 பதிவுகளுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். புகைப்படம் யாரிடமாவது இன்னொரு பிரதி இருக்கும். மொழிபெயர்ப்பை மறுபடி செய்யலாம். போனவரின் குரலை எங்கே போய்த் தேடுவது?

அந்த வீட்டில் பேக்கப் இல்லாமல் இல்லை. எஸ்எஸ்டி வந்த அதே மாதம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கையும் வாங்கி, விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி வசதியை இயக்கி விட்டிருந்தார்கள். மணிக்கொரு தடவை அந்த டிஸ்க்கின் சின்ன விளக்கு மினுங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நிம்மதி. ஆனால் ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுத்துக்கொள்வது டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள், இசை போன்ற வழக்கமான கோப்புறைகளை மட்டும்தான். டி டிரைவில் நாமே உருவாக்கும் கோப்புறையை நாமே சொல்லிச் சேர்த்தால்தான் அது உள்ளே வரும். யாரும் சேர்க்கவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவும் இல்லை, ஏனென்றால் ஃபைல் ஹிஸ்டரியைப் பொறுத்தவரை எந்தப் பிழையும் நடக்கவில்லை. விளக்கு 3 ஆண்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது.

முதல் அறிகுறிகள்

பழுதுக்கு 3 வாரம் முன்பு, புகைப்படக் கோப்புறையைத் திறந்தால் சிறுபடங்கள் ஒவ்வொன்றாக, நெடுநேரம் கழித்து வரத் தொடங்கின. அதே வாரம் ஒரு காலையில் கணினியின் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருந்தது. மகன் மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினான். கடிகாரம் சரியாயிற்று. பழுது எதுவோ அது தீர்ந்துவிட்டது என்று இருவரும் எண்ணிக்கொண்டார்கள்.

இது இயல்பான தவறுதான். ஒரே வாரத்தில் இரண்டு கோளாறு வந்தால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் மனம் முடிச்சுப் போடும். பேட்டரி தீர்ந்தது தனிக் கதை. டிஸ்க் மெதுவானது தனிக் கதை.

அடுத்த வாரம் டி டிரைவ் ஒருமுறை காணாமல் போய், கணினியை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்தது. கேபிள் லூசாக இருக்கும் என்று இருபுறமும் அழுத்திவிட்டார்கள். அன்றே டி டிரைவில் இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்திருந்தால் இந்த ஆய்வே எழுத வேண்டியிருக்காது. ஒரு முறை காணாமல் போய்த் திரும்பி வந்த டிஸ்க் நமக்குத் தரும் அவகாசம் அது.

பழுதான நாள்

காலையில் கணினியைப் போட்டதும், டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கிறேன் என்று விண்டோஸ் தானே சோதனையைத் தொடங்கியது. தவிர்க்க வேண்டுமானால் ஒரு விசையை அழுத்து என்று சில நொடி அவகாசமும் கொடுத்தது. கணினியே சரிசெய்கிறேன் என்கிறபோது யார் தடுப்பார்கள்? விட்டுவிட்டார்கள். 2 மணி நேரத்தில் 11 விழுக்காடு. பிறகு நகரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார்கள், மறுபடி போட்டார்கள். இப்படி 4 முறை. ஐந்தாம் முறை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

செக் டிஸ்க் எனப்படும் அந்தச் சோதனை, டிஸ்க் உடம்பால் நன்றாக இருக்கிறது, அதில் எழுதியிருக்கும் கணக்கில்தான் குழப்பம் என்ற நம்பிக்கையில் வேலை செய்கிறது. திடீரென மின்சாரம் போய்க் கோப்பு அமைப்பு குழம்பியிருந்தால் அது நல்ல மருந்து. டிஸ்க்கே தேய்ந்து சாகும் நிலையில் இருந்தால் கதை வேறு. படிக்க முடியாத பதிவுகளைக் கெட்டவை என்று முடிவு கட்டிக் கணக்கிலிருந்து நீக்கிவிடும், அந்த டிஸ்க்கின் மேலேயே எழுதவும் செய்யும்.

நான் முதலில் கேட்டது ஓசையைப் பற்றி. போனைப் பெட்டிக்கு அருகே பிடிக்கச் சொன்னேன். பத்து நொடிதான் கேட்டேன். சீராகச் சுழலும் இரைச்சல், நடுவே மெல்லிய ஒரு ‘டிக்’, சற்று இடைவெளி, மறுபடி ‘டிக்’. படிக்க முடியாத ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப முயலும் ஓசை அது.

“இன்னொரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டா வந்துடுமோன்னு தோணுது தம்பி.”

“வேண்டாம்க்கா. இப்பவே பிளக்கைப் பிடுங்கிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேண்டாம்.”

பிடுங்கிவிட்டார். அந்த நாளில் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான், அதை எடுத்தவர் அவர். நம்பிக்கை இருக்கும்போது கையை எடுப்பது எளிதல்ல.

நேரில் பார்த்தது

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் நேரடியாக, சாட்டா என்னும் உள் இணைப்பில் பொருத்தினேன். யுஎஸ்பி மாற்றியைத் தவிர்த்தேன், பிழை அதிகமுள்ள டிஸ்க்கோடு சில மாற்றிகள் உறைந்து நின்றுவிடும். யுஎஸ்பி குச்சியிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கினேன். விண்டோஸில் போட்டால் அது உடனே டிஸ்க்கைத் திறந்து, சிறுபடம் செய்கிறேன், தேடல் பட்டியல் போடுகிறேன் என்று தொடங்கிவிடும்.

அவர்கள் கணினியின் பவர் சப்ளையையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். 12 வோல்ட் கம்பியில் 12.1 வந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 5 விழுக்காடு, அதாவது 11.4 முதல் 12.6 வரை. ஆக அது குற்றவாளி இல்லை.

அடுத்து டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகள். இயங்கிய நேரம் 31,400 மணி. 05 என்ற எண்ணில், கெட்டுப் போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள், 48. சி5 என்ற எண்ணில், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்கள் 1,376. கேபிள் கோளாறு என்றால் ஏறியிருக்க வேண்டிய சி7 எண் பூஜ்யம். ஆக லூசான கேபிள் என்ற ஊகம் தவறு. இத்தனைக்கும் பிறகு கடைசி வரியில் ஒட்டுமொத்த நிலை ‘தேறியது’ என்றுதான் இருந்தது. உற்பத்தியாளர் வைத்த எல்லையைத் தாண்டும்வரை அந்த வரி மாறாது. அந்த ஒற்றைச் சொல்லை நம்பக் கூடாது, எண்களைப் பார்க்க வேண்டும்.

எண்களை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது வரும் ஸ்கேன் பிழை முதல்முறை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் கெட்டுப்போகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேல் முக்கியமான 4 ஸ்மார்ட் எண்களில் எதிலும் எந்த அறிகுறியும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் உண்மை. வரவில்லை என்பதால் நலம் என்று பொருள் இல்லை.

ஆய்வகமா, நாமேவா

ஓசை வேறு மாதிரி இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஓங்கி, தாளம் தவறாமல் தட்டும் ஓசை என்றால் ஹெட் என்னும் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனை அது. தலைமுடியின் பருமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். முனை தட்டில் உரசினால் உரசிய இடத்தில் இருந்த தரவு தூளாகப் போய்விடும். அந்த நிலையில் தூசியற்ற அறை உள்ள மீட்பு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இங்கே டிஸ்க் தன் பெயரையும் கொள்ளளவையும் சரியாகச் சொன்னது, ஓசை மெல்லியதாக இருந்தது. நானே நகலெடுக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் முடிவு என்னுடையதல்ல, தரவு அவருடையது. என்ன ஆபத்து என்று சொன்னேன்: நான் முயலும்போது முனை போய்விட்டால் ஆய்வகத்தின் வேலையும் கடினமாகும். ஓசை மாறினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன், அதற்குமேல் ஆய்வகம்தான். ஒப்புக்கொண்டார்.

டிஸ்க்கை பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று மகன் எங்கோ படித்திருந்தான். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அந்த ஈரத்தோடு தட்டு சுழலும். மாடல் ஒத்த வேறு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடலாமா என்றும் கேட்டான். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய சரிக்கட்டல் அளவுகள் அந்தந்தப் போர்டில்தான் எழுதப்பட்டிருக்கும். வெறுமனே மாற்றினால் ஓடாது. அதோடு, இங்கே கெட்டது போர்டு இல்லை.

நகலெடுப்பு

ஒலிப்பதிவுக் கோப்புறையை மட்டும் முதலில் இழுத்துப் போட்டுவிடலாமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதை ஏன் மறுத்தேன் என்று சொல்ல வேண்டும். கோப்பு கோப்பாக எடுக்கும்போது முனை டிஸ்க் முழுதும் இங்கும் அங்கும் பாய வேண்டும். கெட்ட இடத்தில் கணினி விடாப்பிடியாக முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி முட்டும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கின் ஆயுள் குறையும். டிடிரெஸ்க்யூ என்ற கருவி வேறு வழியில் போகிறது. தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து, கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து, எங்கே விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். எளிதாகக் கிடைப்பதை முதலில் அள்ளிவிட்டு, கடினமானவற்றுக்குக் கடைசியில் திரும்பி வரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். நகலை எழுத எடுத்து வந்த 2 டிபி டிஸ்க், கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபேட்32-இல் இருந்ததைப் பார்க்கவில்லை. நகல் முழுவதும் ஒரே கோப்பாக எழுதப்படும், அந்த முறையிலோ ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. நகலெடுப்பு அங்கே நின்றது. பழுதான டிஸ்க் வீணாகச் சுழன்றது சில நிமிடம்தான் என்றாலும் அது நான் கொடுத்திருக்கக் கூடாத சில நிமிடம். அணைத்துவிட்டு, 2 டிபி டிஸ்க்கை மறுவடிவமைத்து, மறுபடி தொடங்கினேன்.

பாதிக்கு மேல் நல்ல வேகத்தில் போயிற்று. பிறகு நொடிக்குச் சில கேபி என்று தவழ்ந்தது. வெப்பம் 51 பாகையைத் தொட்டது, ஒரு மேசை விசிறியை நேராக வைத்ததும் 38-க்கு இறங்கியது. 9 மணி நேரத்தில் முதல் சுற்று முடிந்தபோது படிக்காமல் விட்டது 1.9 ஜிபி. இரவு டிஸ்க்கை அணைத்து ஆறவிட்டு, காலையில் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்கச் சொன்னேன். ஒரு திசையில் மறுத்த இடம் எதிர்த்திசையில் சில நேரம் கொடுக்கும். கொடுத்தது. மூன்று முறை முயன்ற பிறகு மீதி 41 எம்பி. அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

எது போயிற்று

ஒரு டிபியில் 41 எம்பி என்றால் 99.99 விழுக்காட்டுக்கும் மேல் கிடைத்துவிட்டது. ஆனால் விழுக்காடு இங்கே ஒன்றும் சொல்லாது. அந்த 41 எம்பி எதன் மேல் விழுந்தது என்பதுதான் கேள்வி.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எடுத்த நகலுக்கு இன்னொரு நகல் போட்டு, அதில் படிக்க முடியாமல் போன இடங்களை எல்லாம், எந்தக் கோப்பிலும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லால் நிரப்ப வேண்டும். பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால், எவை சேதமானவை என்று பட்டியலே கிடைத்துவிடும். பட்டியலில் 94 கோப்புகள் வந்தன. பெரும்பாலானவை புகைப்படங்கள். அவற்றில் மேல்பாதி சரியாகவும், கெட்ட இடம் தொடங்கும் கோட்டுக்குக் கீழே ஒரே சாம்பல் நிறமாகவும் இருந்தது. ஒரு படத்தில் மேசையைச் சுற்றி நிற்பவர்களின் முகம் எல்லாம் இருந்தது, மேசை இல்லை.

ஒலிப்பதிவுகளில் இரண்டு. இங்கேதான் கோப்பு வகை எவ்வளவு வேறுபாடு செய்கிறது என்று பார்த்தோம். ஒன்று, பதிவுக் கருவியில் எடுத்த வேவ் கோப்பு. அதில் ஒலி சுருக்கப்படாமல் வரிசையாக எழுதப்பட்டிருக்கும், படிக்க முடியாத இடம் பூஜ்யமாக இருந்தால் அது மௌனமாகக் கேட்கும். அப்பா பேசிக்கொண்டே வருகிறார், 7 நொடி எதுவும் இல்லை, பிறகு வேறொரு வாக்கியத்தின் நடுவே குரல் திரும்பி வருகிறது. அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அவர் பேசும்போதும் இப்படித்தான், நடுவுல நிறுத்தி யோசிப்பார்.”

இன்னொன்று போனில் பதிவு செய்த எம்4ஏ கோப்பு. ஒலியின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அந்த வகையில் தனியாக, பல நேரம் கோப்பின் முடிவில் இருக்கும். கெட்ட செக்டார் சரியாக அங்கே விழுந்திருந்தது. ஒலி முழுவதும் உள்ளே இருந்தும் எந்தச் செயலியும் திறக்கவில்லை. பல முயற்சிக்குப் பிறகு, அதே பதிவைத் தன் தங்கைக்கு எப்போதோ அனுப்பியது அவருக்கு நினைவு வந்தது. தங்கையின் போனில் அது அப்படியே இருந்தது. இதை மீட்பு என்று நான் கணக்கில் எழுத மாட்டேன். யாரும் திட்டமிடாத பிரதி அது.

மொழிபெயர்ப்புகளில் ஒரு வேர்ட் கோப்பு திறக்கவே இல்லை. வேர்ட் கோப்பு என்பது உள்ளே சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை, ஒரு முடிச்சு போனால் அவிழ்ப்பது கடினம். இரண்டு அத்தியாயத்தை அவர் மறுபடி மொழிபெயர்த்தார். 16 நாள் ஆயிற்று.

புது ஏற்பாடு

ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்கைப் போட்டுக் கண்ணாடி போல ஒன்றை ஒன்று நகலெடுக்க வைக்கலாம் என்றான் மகன். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் நடக்க அது உதவும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் போகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் புகுந்தால் இரண்டும் பூட்டப்படும். அதனால் வேண்டாம் என்றேன்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 முறையையே கொண்டோம்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். கணினியில் உள்ளது ஒன்று. இரண்டு வெளி டிஸ்க்குகள் மாறி மாறி. ஒன்று வீட்டில் இருக்கும்போது மற்றது தங்கை வீட்டில் இருக்கும், மாதம் ஒருமுறை இடம் மாறும். பேக்கப் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும், செருகியே இருக்கும் டிஸ்க்கை அந்தப் பூட்டும் நிரலும் எட்டும். 63 பதிவுகளும் நடப்பு வேலையும் கூடுதலாக மேகச் சேமிப்பிலும், பழைய பதிப்புகளோடு. இரண்டு வெளி டிஸ்க்குகளையும் விண்டோஸின் பூட்டும் வசதியான பிட்லாக்கரால் பூட்டினோம். அவற்றின் 48 இலக்க மீட்பு எண்களைக் காகிதத்தில் அச்சடித்து இரண்டு வீட்டிலும் வைத்தோம். எண்ணையே அந்த டிஸ்க்குக்குள் சேமித்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிறு, பேக்கப்பிலிருந்து ஏதேனும் மூன்று கோப்புகளைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பது என்றும் முடிவானது. இதைத்தான் நான் விடாமல் வற்புறுத்தினேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

அவர்கள் பக்கம்: டி டிரைவ் முதல்முறை மறைந்த அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். செக் டிஸ்க்கை ஒரு விசையை அழுத்தித் தவிர்த்திருக்க வேண்டும்.

என் பக்கம் இரண்டு. நகல் எழுதும் டிஸ்க்கை, பழுதான டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் முன்பே முழுதாகச் சோதித்திருக்க வேண்டும். இரண்டாவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எஸ்எஸ்டி போட்டபோது உதவி செய்தவன் நான். பேக்கப் ஓடுகிறதா என்று அன்று கேட்டேன். ஓடுகிறது என்றார்கள், விளக்கைக் காட்டினார்கள். எதை எடுக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து

நான்காவது ஞாயிறு சோதனையில் மகன் கூப்பிட்டான். “அண்ணா, அம்மா போன வாரம் ஆரம்பிச்ச புது வேலை பேக்கப்ல இல்லை.” புதிய வாடிக்கையாளருக்காக அவர் ஒரு கோப்புறையை வேறோர் இடத்தில் உருவாக்கியிருந்தார். நாங்கள் கொடுத்த கோப்புறைப் பட்டியலில் அது இல்லை. 3 ஆண்டு தெரியாமல் இருந்த அதே ஓட்டை, இந்த முறை ஒரு வாரத்தில் கண்ணில் பட்டது.

அன்று மாலையே பட்டியலைத் தலைகீழாக்கினோம். எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று எழுதுவதை விட்டுவிட்டு, டிரைவ் முழுவதையும் எடுத்துக்கொள், இவற்றை மட்டும் விட்டுவிடு என்று எழுதினோம். விட வேண்டியவை என்று கடைசியில் மூன்று கோப்புறைகள்தான் தேறின.